ஒவ்வாத மருந்தின் பெயரை அறிவோம்

காய்ச்சற்காரப் பிள்ளைக்கு மருந்து கொடுத்ததும் தாயின் மனம் ஆறுகிறது. ஆயினும் அம்மருந்தே சில வேளைகளில் தீங்காக அமையலாம். "முந்தி ஏதோ ஒரு பாணி மருந்து குடிச்சு உடம்பெல்லாம் தடிச்சது, பேர் தெரியாது பாதர்" என்று கூறும் தாய்மாரைச் சுன்னாகத்தில் நாம் சந்திக்கிறோம். அந்தப் பெயர் தெரியாமையே ஆபத்து. ஒருமுறை ஒவ்வாத மருந்தை மீண்டும் கொடுத்தால் விளைவு முன்னையதிலும் கடுமையாகலாம்.

மருந்தினால் வரும் தீங்குகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, பக்க விளைவு. அன்ரிபயோட்டிக் மருந்துகளால் வரும் இலேசான வயிற்றோட்டம் இத்தகையது.

இரண்டாவது, ஒவ்வாமை. அமொக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளால் தோலில் தடிப்பும் கடியும் தோன்றலாம். உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு இழுத்து, பிள்ளை சோர்ந்தால் அது உயிராபத்து. தோல் கொப்பளித்து வாயும் கண்ணும் புண்படுவதும் அவ்வாறே.

மூன்றாவது, அளவு மிஞ்சுதல். பரசிற்றமோல் ஒரு வேளைக்கு, பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராமை மிஞ்சலாகாது. 24 மணித்தியாலத்தில் நான்கு தடவைக்கு மேலும் கொடுக்கலாகாது. மிஞ்சினால் ஈரல் பழுதடையும். டெங்குக் காலத்தில் அஸ்பிரின், இபுபுரோபன் இரண்டையும் தவிர்க்க வேண்டும். அவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

நான்காவது, மருந்தே நஞ்சாயிருத்தல். தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் பாணியைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இறந்தனர். அதில் கலந்திருந்த டைஎதிலீன் கிளைக்கோல் சிறுநீரகத்தை அழித்தது. மருந்து குடித்த பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்தால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

சந்தேகம் எழுந்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடாமல் அன்றே வைத்தியரைக் காணுங்கள். மூச்சுத் திணறினால் 1990 அம்புலன்சை அழையுங்கள். பிள்ளையை நடக்கவிடாது, படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். படுத்தால் மூச்சு முட்டுமாயின் இருக்கவிடுங்கள். அட்ரினலின் ஊசியே அப்போது உயிர் காக்கும். கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காதீர்கள். போத்தலையும் மருந்துத் துண்டையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

பிள்ளை சுகமானபின் ஒரு கடமை எஞ்சுகிறது. ஒவ்வாத மருந்தின் பெயரைச் சுகாதாரப் பதிவேட்டில் வைத்தியரைக் கொண்டே எழுதுவியுங்கள். ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில் வருவதால் மூலப் பெயரையே எழுத வேண்டும். எமது நாட்டின் பேராசிரியர் சேனக பிபிலே வலியுறுத்தியதும் இந்த மூலப் பெயர்ப் பாவனையையே. அதன்பின் எந்த வைத்தியரிடம் போனாலும், எந்தப் பாமசியில் மருந்து வாங்கினாலும், முதலில் அப்பெயரைச் சொல்லுங்கள்.

மருந்து இறைவனின் கொடை. அதை விழிப்போடு கொடுப்பது எமது பொறுப்பு.