புள்ளையோட பயோடேட்டா எத்தனை கைக்குப் போகும்?

கோபி தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்ந்த கடை என்னுடையது. பட்டா, வாரிசுச் சான்று வேலைகளுக்கு அடுத்தபடி அதிகம் வருவது கல்யாணப் பயோடேட்டாதான். பெண்ணின் முழுப்பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், ராசி, நட்சத்திரம், குலம், குலதெய்வக் கோயில், பெற்றோர் பெயர், வேலை பார்க்கும் கம்பெனி, சம்பளம், எத்தனை ஏக்கர், கிணற்றுப் பாசனமா வாய்க்கால் பாசனமா, செல் நம்பர். கீழே பட்டுச்சேலையில் ஒரு முழு உருவப் படம். இத்தனையையும் ஒரே தாளில் எந்த அரசாங்கமும் நம்மிடம் கேட்டதில்லை.

பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்ததும் அது வாட்ஸ்அப் வரன் குழுக்களில் ஏறிவிடும். காலையில் கவுந்தப்பாடியில் போட்டது சாயங்காலம் தாராபுரத்துத் தரகர் போனில் இருக்கும். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

"அதுல என்ன அம்மிணி இருக்குது, நம்ம சனத்துக்குள்ளாரதானே சுத்துது?" என்றார் ஒரு பெரியவர். பேத்தியின் பயோடேட்டாவோடு, அவளுடைய இ-ஆதார் பிடிஎஃப்பையும் பிரிண்ட் எடுக்க அனுப்பியிருந்தார். பாஸ்வேர்டு கேட்டது. நான் அவரைக் கேட்கவில்லை. பயோடேட்டாவைப் பார்த்து, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தில் அடித்து, பக்கத்திலேயே பிறந்த வருஷத்தையும் அடித்தேன். திறந்துகொண்டது. இ-ஆதாருக்கு இதுதான் பாஸ்வேர்டு, ஊருக்கே தெரிந்தது. "நாஞ் சொல்லவே இல்லீயே!" என்றார். சொல்லித்தானுங்க வச்சிருக்கீங்க என்று தாளைக் காட்டினேன்.

மோசடிக்காரன் பெரும்பாலும் எதையும் உடைப்பதில்லை, பொறுக்குகிறான். வரன் குழுவில் பிறந்த தேதி, ஃபேஸ்புக்கில் பாரியூர் குண்டம் திருவிழா போட்டோவோடு டேக் செய்த சொந்தக்காரர்கள், இன்ஸ்டாவில் கம்பெனி பெயர். இவ்வளவு போதும். பெண்ணின் படத்தை வைத்தே ஒரு போலிக் கணக்கு, அதிலிருந்து அத்தைக்கு "அவசரம், பத்தாயிரம் ஜிபே பண்ணுங்க" என்று ஒரு மெசேஜ். அத்தை பெயர் சரியாக இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

எங்கோ வடக்கே உட்கார்ந்திருப்பவன்தான் திருடன் என்பதும் நிச்சயமில்லை. சேலம் மாவட்டத்தில் 2016 ஜூனில் ஒரு இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். புகார் கொடுத்தும் படம் உடனே இறங்கவில்லை. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். கைதானவர் அதே வட்டாரத்துக்காரர்.

சட்டம் இல்லாமல் இல்லை. அடுத்தவர் பாஸ்வேர்டையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. ஆள்மாறாட்டப் படங்களை, புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் நீக்க வேண்டும் என்று 2021 விதிகள் கெடு வைத்தன. ஆனால் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வரி உண்டு: தானே பொதுவெளியில் போட்ட விவரத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. போடுவதற்கு முன்னால் யோசி என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இப்போது என் கடையில் முதல் சுற்றுக்கு வேறு மாதிரி அடித்துத் தருகிறேன். ராசி, நட்சத்திரம், வயசு, படிப்பு, மாவட்டம், அப்பாவின் நம்பர், அவ்வளவுதான். நட்சத்திரப் பொருத்தம் பார்க்க இது போதும். ஜாதகக் கட்டமும் படமும் பேச்சு முன்னேறிய பிறகு, ஒரே ஒரு வீட்டுக்கு. தரகர்களுக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

ஆதார் நகல் கேட்டால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்கப் பின் வைத்து, புரொபைல் படத்தைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் காட்டலாம். கல்யாணப் பத்திரிகை ஏபிகே கோப்பாக வந்தால் தொடவே கூடாது. பத்திரிகைக்கு எதுக்குங்க ஆப்?

பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அப்போதே போன் அடிக்க வேண்டும்; பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். படம் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் வீட்டில் மூடி மறைத்துவிடுகிறார்கள், ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று. தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படப் புகாரைப் பெயர் சொல்லாமலே பதியலாம். மறக்காமல் ஸ்கிரீன்ஷாட்டும் அந்தக் கணக்கின் லிங்கும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பதிந்து தர நான் காசு வாங்குவதில்லை.