நம் பிள்ளைகளின் பைக்குக்கு எந்த ‘ட்யூன்’ சரி?

“ஈ.சி.யு.வை ரீமேப் செய்தால் பிக்கப் கூடும், மைலேஜும் கூடும்” என்று நம் இளைஞர்கள் பேசிக்கொள்வதை இப்போது அடிக்கடி கேட்க முடிகிறது. அதற்குச் சில ஆயிரம் ரூபாய் கேட்டு நிற்கும் மகனிடம் என்ன சொல்வது என்று பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. விஷயம் விளங்காமல் சம்மதிப்பது ஆபத்து. விளங்காமல் மறுத்தால் மகன் கேட்கமாட்டான். எனவே முதலில் அது என்ன என்று பார்ப்போம்.

ஈ.சி.யு. என்ன செய்கிறது?

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. அந்த வேலையை ஒரு சிறு கணினி செய்கிறது. அதுதான் ஈ.சி.யு.

திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே வரும் காற்றின் அழுத்தம் என்ன, இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, சைலன்சர் வழியே போகும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று சென்சார்கள் இதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எவ்வளவு பெட்ரோலைத் தெளிப்பது, பிளக்கில் எப்போது பொறி விடுவது என்று அது ஒரு அட்டவணையைப் பார்த்து முடிவெடுக்கும். அந்த அட்டவணையைத்தான் மேப் என்றும் ட்யூன் என்றும் சொல்கிறார்கள்.

கலப்படமில்லாத பெட்ரோல் ஒரு கிராம் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் ‘ரிச்’: மைலேஜ் குறையும், பிளக் கரி பிடிக்கும். பெட்ரோல் குறைந்தால் ‘லீன்’: இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். கோடையில் ஏற்கெனவே கொதிக்கும் திண்டுக்கல் சமவெளியில், லீனாக ஓடும் வண்டியை மதுரை நான்குவழிச் சாலையில் நெடுநேரம் முறுக்கினால் பிஸ்டனும் வால்வும் கெட வாய்ப்பு உண்டு.

மூன்று வகை மாற்றம்

முதலாவது, ஷோரூமில் நிறுவனமே தரும் மென்பொருள் புதுப்பிப்பு. இதைத் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, பிக்கிபேக். ஈ.சி.யு.வுக்கும் இன்ஜெக்டருக்கும் இடையில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தி, தெளிக்கும் பெட்ரோலின் அளவை மட்டும் மாற்றுவது. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

மூன்றாவது, ரீமேப். ஈ.சி.யு.வில் உள்ள அட்டவணையையே அழித்து வேறொன்றை எழுதுவது. பழைய அட்டவணையைப் பிரதி எடுத்து வைக்காமல் செய்தால் மீட்பது கடினம்.

பின்னிரண்டும் எதற்கு ஏற்பட்டவை? பந்தயப் பாதைக்காக சைலன்சர், ஏர் ஃபில்டர் போன்றவற்றை மாற்றிய வண்டிக்கு. அங்கே காற்றின் போக்கு மாறிவிடுவதால் பழைய அட்டவணை பொருந்தாது. எதையும் மாற்றாத வண்டிக்கு, நிறுவனம் வெயில், மழை, மேடு என எல்லாவற்றையும் சோதித்து எழுதிய ட்யூனே சரியான ட்யூன். சிறிய ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் அட்டவணையை மட்டும் மாற்றினால் கிடைக்கும் கூடுதல் சக்தியும் மிகக் கொஞ்சம்தான்.

நிறுவனமே தரும் தேர்வு

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். 200 4வி வண்டியில் 2020 இறுதியில் ஸ்போர்ட், அர்பன், ரெயின் என்று மூன்று மோட் வந்தன. ஸ்போர்ட்டில் 20.82 பி.எஸ். சக்தி. மற்ற இரண்டிலும் 17.32 பி.எஸ். மட்டுமே. இன்ஜின் ஒன்றுதான், அட்டவணைதான் வேறு. அதே ஆண்டின் ஆர்.ஆர். 310 வண்டியிலும் ஸ்போர்ட், டிராக் மோடுகளில் 34 பி.எஸ்., அர்பன், ரெயின் மோடுகளில் 25.8 பி.எஸ்.

சக்தியைக் குறைத்தும் ஒரு ட்யூன் ஏன்? பேருந்து நிலையம், பேகம்பூர், நாகல்நகர் போன்ற நெரிசலான இடங்களில் உச்ச வேகத்துக்கு வேலையே இல்லை. குறைந்த சுற்றிலேயே சீராக இழுத்தால் போதும். மழையில் நனைந்த சாலையில் சட்டென்று சக்தி பாய்ந்தால் பின்சக்கரம் வழுக்கும். எனவே மோட் உள்ள வண்டி என்றால் ஊருக்குள் அர்பன், மழையில் ரெயின் என்று வைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

“கொடைக்கானல் ஏறத் தனி ட்யூன் வேண்டும்” என்பதும் சரியல்ல. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் எந்த வண்டிக்கும் சக்தி சற்றுக் குறையும். கார்புரேட்டர் வண்டிகள் அங்கே திணறிக் கரும்புகை விட்டதும் இதனால்தான். இன்றைய ஈ.சி.யு. காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது.

மைலேஜ் குறைந்துவிட்டது என்று ரீமேப் தேடுவோரும் உண்டு. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் எரிசக்தி லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறைவது ட்யூனின் குற்றமல்ல. அதைச் சரிக்கட்ட வண்டியை லீனாக்கினால் இன்ஜின்தான் கெடும். டயர் காற்று, செயின், ஏர் ஃபில்டர், பிளக் ஆகியவற்றை முதலில் பாருங்கள். இன்ஜின் விளக்கு எரிந்தால் ஷோரூமில் ஸ்கேனர் போட்டுக் கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கோளாறை வைத்துக்கொண்டு ட்யூனை மாற்றுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மாத்திரை போடுவது போன்றது.

சட்டமும் பொறுப்பும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி, புகை விதியை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். வண்டி தந்தையின் பெயரில் இருந்தால் உரிமையாளர் என்ற பொறுப்பு தந்தையுடையது. வாரன்டியும் போகலாம். விபத்து நேர்ந்தால் வண்டியின் சேதத்துக்கான இன்சூரன்ஸ் தொகையை மறுக்கவும் நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும்.

மார்க்கமும் இங்கே பேசுகிறது. சைலன்சரை மாற்றி நள்ளிரவில் தெருவை அதிர வைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் நோவினை. ரீமேப் செய்த வண்டியை விற்கும்போது அதை மறைப்பது, குறையை மறைத்து விற்கும் வியாபாரம். வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பழைய வண்டி வாங்குவோரும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மகனிடம் கேட்க நான்கு கேள்விகள்

1. வண்டியில் எதையாவது மாற்றியிருக்கிறாயா? மாற்றியிருந்தால் பழைய பாகத்தைத் திரும்பப் பொருத்துவதே முதல் வேலை.
2. உனக்கு உண்மையில் என்ன குறை? பிக்கப்பா, மைலேஜா, இன்ஜின் விளக்கா?
3. ஷோரூமில் புதுப்பிப்பு இருக்கிறதா என்று கேட்டாயா?
4. ட்யூன் மாற்றுபவர் பழைய மேப்பைப் பிரதி எடுத்துத் தருவாரா, இன்ஜின் கெட்டால் எழுத்தில் பொறுப்பேற்பாரா?

நான்காவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. மகனே யோசிக்க அதுவே போதும். நம் பிள்ளைகள் போன இடத்திலிருந்து பத்திரமாக வீடு திரும்ப அல்லாஹ் அருள்வானாக.