குந்த முடியாத முழங்கால்

பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானிக்கு இரண்டு நீளக் கைகள் முளைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் கோனியோமீட்டர். எலும்பு மருத்துவர் அதன் ஒரு கையைத் தொடையோடும் மற்றதைக் கெண்டைக்காலோடும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "மடக்குங்க... இன்னும் கொஞ்சம்..." என்றார். எங்கள் தெருவில் டைல்ஸ் ஒட்டும் அண்ணனின் வலது முழங்கால் 90 டிகிரிக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் பல்லைக் கடித்தாலும் நகரவில்லை. பைபாஸ் திருப்பத்தில் ஒரு கார் அவருடைய வண்டியை இடித்துத் தள்ளி ஐந்து மாதம் ஆகியிருந்தது. துணைக்குப் போயிருந்த நான், மருத்துவர் அந்த எண்ணைத் தாளில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நலமான முழங்கால் ஏறக்குறைய 135 டிகிரி மடங்கும். நாற்காலியில் உட்கார 90 போதும். பஸ் ஏறலாம், மெதுவாக மாடிப்படியும் ஏறிவிடலாம். ஆனால் தரையில் குந்தி உட்கார 90 போதாது. டைல்ஸ் வேலை முழுக்கவே குந்திச் செய்கிற வேலை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, கலவையைப் பரப்பி, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, அப்படியே குந்தியபடி பின்னுக்கு நகர வேண்டும். மருத்துவர் எழுதிய சான்றிதழில் ஊனம் 30 சதவீதம் என்று இருந்தது. அண்ணனுக்குப் போனதோ வேலை முழுவதும்.

அந்த 30-க்கும் அந்த முழுவதுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தாண்ட வைப்பவர்தான் நல்ல விபத்து வழக்கு வக்கீல். அப்படி ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு முதலில் இழப்பீடு என்ற கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். நீதிமன்றத்தில் போடப்படும் கணக்குகளில் இவ்வளவு அழகானதும் இவ்வளவு வலி நிறைந்ததும் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

25 வயது இளைஞர் ஒருவர் விபத்தில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நாற்பது, நாற்பத்தைந்து வருடம் அவர் சம்பாதித்திருப்பார். வீட்டுக்கு அவர் கொடுத்து வந்த ஆண்டுத் தொகையை 45-ஆல் பெருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்போம். நீதிமன்றம் 18-ஆல் பெருக்குகிறது. முதல்முறை கேட்கும்போது இது அநியாயமாகப் படும். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த 18 எங்கிருந்து வருகிறது என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஆண்டுக்கு 5 சதவீத வட்டி தரும் இடத்தில் 20,000 ரூபாய் போடுகிறோம். வட்டியாக வருடம் 1,000 ரூபாய் வரும். அதை எடுத்துச் செலவழித்தாலும் முதல் அப்படியே நிற்கும். பிள்ளைகள் காலம், பேரப்பிள்ளைகள் காலம் என்று அந்த 1,000 என்றைக்கும் வந்துகொண்டே இருக்கும். அதாவது முடிவே இல்லாத காலத்துக்குக்கூட 20 மடங்குதான் தேவை. இப்போது 18,000 போட்டுவிட்டு வருடம் 1,000 எடுப்போம். முதல் ஆண்டு வட்டி 900. குறைகிற 100-ஐ முதலில் இருந்து எடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு முதலும் கொஞ்சம் சுருங்கும், வட்டியும் சுருங்கும். இப்படிச் சுருங்கிச் சுருங்கி அது தீர்ந்துபோக 47 ஆண்டுகள் ஆகும். 25 வயதோடு 47-ஐக் கூட்டினால் 72. நீதிமன்றங்கள் இந்தச் சூத்திரத்தை அப்படியே போட்டு அட்டவணை தயாரித்தன என்று நான் சொல்லவில்லை. மொத்தமாக இன்று கொடுக்கும் பணம் வட்டி ஈட்டும், முதலும் வட்டியுமாகச் சேர்ந்து குடும்பத்தைத் தாங்கி, தேவை முடியும் காலத்தில் தீர வேண்டும் என்பதுதான் அந்த எண்ணுக்குள் இருக்கும் யோசனை.

இந்த யோசனைக்கு வயது முந்நூறுக்கு மேல். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி 1693-இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்று போலந்தில் உள்ள விரோட்ஸ்வாஃப் நகரம் அப்போது பிரெஸ்லாவ். அந்த ஊரின் பிறப்பு இறப்புக் கணக்கை எடுத்து, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று அட்டவணை போட்டார். வாழ்நாள் முழுக்க ஆண்டுதோறும் ஒரு தொகை பெற இன்று எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை வயதுவாரியாகக் கணித்தார். இளைஞருக்கும் முதியவருக்கும் ஒரே விலை வைப்பது தவறு என்று காட்டினார். வானத்தில் ஒரு வெளிச்சம் எப்போது திரும்பி வரும் என்று கணித்த அதே மூளைதான், மனித ஆயுளின் எஞ்சிய பகுதியை ஒரு பெருக்கல் எண்ணாக்கும் வழியையும் போட்டுக் கொடுத்தது. 1942-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு நிலக்கரிச் சுரங்க மரண வழக்கில் இந்தப் பெருக்கல் முறையை வகுத்தது. அங்கிருந்து அது நம் நீதிமன்றங்களுக்கு வந்தது. 2009-இல் சரளா வர்மா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வயதுக்கு ஓர் எண் என்று நிலையான அட்டவணையாகவே கொடுத்துவிட்டது. 15 முதல் 25 வயதுவரை 18, 31 முதல் 35 வரை 16, 46 முதல் 50 வரை 13 என்று இறங்கி 65-ஐத் தாண்டினால் 5. 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இன்னொன்றைச் சேர்த்தது. மனிதனின் வருமானம் இன்றோடு நின்றுவிடாது. சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழே இருந்தால் வருமானத்தோடு 40 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும், நிரந்தர வேலையில் இருப்பவருக்கு 50 சதவீதம்.

ஆக, வயது தெரிந்தால் பெருக்கும் எண் தெரிந்துவிடும். அதில் எந்த வக்கீலின் சாமர்த்தியத்துக்கும் இடமில்லை. இடமிருப்பது மற்ற இரண்டில்: வருமானம் எவ்வளவு, சம்பாதிக்கும் திறனில் எத்தனை பங்கு போயிற்று.

அண்ணனுக்கு வயது 34. மாதம் 20,000 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 40 சதவீதம் கூட்டினால் 28,000, ஆண்டுக்கு 3,36,000. அதை 16-ஆல் பெருக்கினால் 53,76,000. திறன் 60 சதவீதம் போயிற்று என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் 32,25,600. 30 சதவீதம்தான் என்றால் 16,12,800. வருமானத்துக்கு ஆதாரமே காட்டவில்லை, தீர்ப்பாயம் உத்தேசமாக 12,000 என்று வைத்துக்கொள்கிறது என்றால் அதே 30 சதவீதத்துக்கு 9,67,680. பெருக்கல் முறைக்கே போகாமல், ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இத்தனை ரூபாய் என்று கணக்கை முடித்துவிடுவதும் உண்டு. சதவீதத்துக்கு 5,000 என்றால் 1,50,000. சிகிச்சைச் செலவு, வலிக்கான தொகை எல்லாம் இதற்கு மேல் தனி. ஒரே விபத்து, ஒரே முழங்கால், ஒரே சான்றிதழ். ஒன்றரை லட்சத்தில் இருந்து முப்பத்திரண்டு லட்சம்வரை எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கலாம்.

சான்றிதழில் இருக்கும் சதவீதம் வேறு, பிழைப்பில் போன சதவீதம் வேறு என்பதை ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2011-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வந்த தீர்ப்பு. அதில் வரும் உதாரணம் எளிமையானது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலே இருக்கலாம். எனவே அவர் என்ன வேலை செய்தார், இப்போது என்ன செய்ய முடிகிறது, என்ன செய்ய முடியவில்லை என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காலுக்கு 30 சதவீதம் என்பதும் உடம்பு முழுவதற்கும் 30 சதவீதம் என்பதும்கூட ஒன்றல்ல. அதையும் மருத்துவரிடம் கேட்டுப் பதிய வைக்க வேண்டும்.

நாங்கள் முதலில் போன வக்கீல் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். "முப்பது பர்சன்டா, சரி, போட்டுடலாம்" என்று வக்காலத்தை நீட்டினார். அண்ணன் என்ன வேலை செய்கிறார் என்று அவர் கேட்கவே இல்லை. இரண்டாவதாகப் போனது ஒரு வக்கீல் அம்மாவிடம். பழைய கட்டடத்தின் மாடியில் சின்ன அறை. "என்ன வேலைங்க தம்பி?" என்றுதான் தொடங்கினார். டைல்ஸ் என்றதும், "எங்க, கொஞ்சம் தரையில உட்கார்ந்து காட்டுங்க" என்றார். அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தார். பாதியில் கால் நின்றது. அந்த அம்மா எழுந்து வந்து கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கேட்கத் தொடங்கினார். யார் யார் வீட்டில் வேலை செய்தீர்கள்? பணத்தை ஜிபேயில் போட்டார்களா? ஸ்டேட்மென்ட் எடுக்க முடியுமா? கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா? வேலை செய்யும்போது யாராவது போட்டோ எடுத்திருக்கிறார்களா? கூட வேலை பார்த்த பையன் சாட்சி சொல்ல வருவானா? அரை மணி நேரத்தில் அவர் கேட்டது எல்லாம் மேலே சொன்ன பெருக்கலின் இரண்டு உறுப்புகளைத் தேடித்தான்.

வக்கீலைத் தேடும்போது என்ன பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். அடிபட்டவர் இல்லத்தரசியாக இருந்தால் இது இன்னும் முக்கியம். "வீட்டில் சும்மா இருக்கிறார்" என்று மனுவில் எழுதும் வக்கீலிடம் போகாதீர்கள். 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2019-இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டியது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த உழைப்புக்கும் ஒரு வருமானம் கணித்து, எதிர்கால உயர்வும் சேர்க்க வேண்டும் என்பது இன்று சட்டம். அதை எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

கட்டணம் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விபத்து வக்கீல்கள் நெடுஞ்சாலை ஓரம் பெரிய பலகை வைத்து விளம்பரம் செய்கிறார்கள். வென்றால் தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்பது அங்கே சாதாரணம். இந்தியாவில் இரண்டுக்கும் தடை. வருகிற இழப்பீட்டில் பங்கு பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் அனுமதிக்கவில்லை. 1954-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டது. நேராகவோ ஆள் வைத்தோ வழக்குப் பிடிப்பதும் கூடாது. ஆகவே அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் வந்து நின்று, "எல்லாம் நாங்க பாத்துக்கறோம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்று வெற்றுத் தாளை நீட்டுபவர் முதல் அடியிலேயே விதியை மீறியவர். அண்ணனுக்கு மயக்கம் தெளிந்த அன்றே அப்படி ஒருவர் வந்தார். அவர் அண்ணனின் பெருவிரலில் மை தடவ முயன்றதைப் பார்த்து அண்ணி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

தாள்களைச் சேர்த்து வைப்பதை வக்கீல் கிடைக்கும்வரை தள்ளிப்போட வேண்டாம். எஃப்.ஐ.ஆர்., மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, போலீஸ் போட்ட ரஃப் ஸ்கெட்ச், ஒவ்வொரு மருந்துச் சீட்டும் பில்லும் வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. அந்தக் கெடு செல்லுமா என்ற வாதம் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. நாங்களே ஐந்தாம் மாதம்தான் விழித்துக்கொண்டோம். விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம். கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கும், வருமானம் பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும். இன்னொன்று: ஒருநாள் அந்தக் கோர்ட் ஹாலில் போய் உட்காருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். யார் வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வருகிறார், யார் வாய்தா வாங்கியே நாளைக் கழிக்கிறார் என்று ஒரு காலைப் பொழுதில் தெரிந்துவிடும்.

எங்கள் இழப்பீட்டு மனு (எம்.சி.ஓ.பி.) சாட்சி விசாரணைக்கு வந்த அன்று மருத்துவர் கூண்டில் ஏறினார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, எங்கே முறிந்தது, எங்கே பிளேட் வைத்தது என்று காட்டினார். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் நிதானமாகக் கேட்டார்: "இவர் நடக்கிறார் இல்லையா? நாற்காலியில் உட்காருகிறார் இல்லையா?" "ஆமாம்" என்றார் மருத்துவர். எங்கள் வக்கீல் அம்மா எழுந்து, "மறுவிசாரணையாக ஒரே ஒரு கேள்வி" என்று அனுமதி கேட்டார்.

"டாக்டர், 90 டிகிரியில் நிற்கும் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இவரால் தரையில் குந்தி உட்கார்ந்து டைல்ஸ் ஒட்ட முடியுமா?"

மருத்துவர் தன் குறிப்பைப் பார்த்தார். பிறகு, பெஞ்சின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார்.

"முடியாது."

நீதிபதி அதைச் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தார். அண்ணியின் மடியில் இருந்த மஞ்சள் பையில் அண்ணனின் ரசமட்டம் இருந்தது. அதை எடுத்துக் காட்ட வேண்டிய தேவையே வரவில்லை.