கட்டைவிரலின் அடிமூட்டும் ஸ்டீராய்டு ஊசியும்

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். கையின் வேலையில் பெரும்பங்கு அந்த ஒரு விரலுடையது என்பது விளங்கும்.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு மூட்டு உள்ளது. அங்கே ஓர் எலும்பு, சேணத்தின்மேல் அமர்ந்தவரைப் போல மற்றோர் எலும்பின்மேல் அமர்ந்திருக்கிறது. எலும்பு முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேய்ந்தால் மூட்டில் அழற்சியும் வலியும் தோன்றும். ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் இது மிகுதி.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் பருத்தி எடுப்பதையும், சின்ன வெங்காயத்தின் தாள் அரிவதையும் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் கட்டைவிரல் நுனி ஓயாமல் அழுத்துகிறது. விரலை ஒரு நெம்புகோலாகக் கருதுங்கள். அடிமூட்டே அதன் ஆதாரப்புள்ளி. பொருளின் எதிர்விசை தொலைவில், நுனியில் செயல்படுகிறது; தசைநாண்களோ மூட்டுக்கு மிக அருகில் இழுக்கின்றன. ஆகவே அவை பன்மடங்கு விசையுடன் இழுக்க வேண்டும். அவ்விசை முழுவதும் மூட்டையே அமுக்குகிறது. நுனியில் 1 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை இருந்தால், அடிமூட்டில் சுமார் 12 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை இருக்கும் என்று கூனி, சாவோ என்னும் ஆய்வாளர்கள் 1977-இல் கணக்கிட்டனர்.

இனி ஊசிக்கு வருவோம். அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசோனை 1948-இல் அமெரிக்காவில் பிலிப் ஹெஞ்ச் முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தினார். கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் அவர் 1950-இல் நோபல் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டே ஹாலண்டர், ஹைட்ரோகார்டிசோனை நேராக மூட்டுக்குள் செலுத்தும் முறையை வெளியிட்டார். இத்தகைய ஸ்டீராய்டுகள் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் உண்டாவதைக் குறைக்கின்றன, வலி தணிகிறது.

ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்வதில்லை. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், 40 பேரில் ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டும் மற்றவர்களுக்கு உப்புநீரும் இம்மூட்டில் செலுத்தப்பட்டன. 24 வாரங்களுக்குப்பின் ஸ்டீராய்டினால் கூடுதல் பலன் காணப்படவில்லை. அடிக்கடி ஊசி போட்டால் குருத்தெலும்புக்கே கேடு வரலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் இரத்தச் சர்க்கரை உயரும்.

ஏன் இப்படி? ஊசி அழற்சியை அடக்குகிறது. 12 மடங்கு விசையைக் குறைப்பதில்லை. அதைக் குறைக்க மூட்டைத் தாங்கும் பட்டையும், தசைப் பயிற்சியும், வேலைக்கு நடுவே ஓய்வும் வேண்டும். திருகு குழாய்க்கு நீண்ட கைப்பிடி வைத்தாலும் விரலின் விசை குறையும். உங்கள் பாட்டி கட்டைவிரலடியைத் தேய்த்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலே எந்தெந்த வேலையில் நெம்புகோல் விதி அவருக்கு உதவும் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.