வளவுப் பச்சை – 9: மணலுக்குள் ஒரு வயலட்

ஏப்ரலில் நுவரெலியா போய்த் திரும்பும் நம்மூர் வேன்களின் பின்சீற்றில் என்ன இருக்கும் என்று கேட்கவே தேவையில்லை. லீக்ஸ் கட்டு, கரட் பை, ஸ்ட்ரோபெரி ஜாம் போத்தல், அதற்கு நடுவில் யாரோ ஒருவரின் மடியில் ஒரு பூச்சாடி. எங்கள் வேனில் அந்த மடி ராத்தாவுடையது. பதுளை, பிபிலை, அம்பாறை என்று வளைந்து வளைந்து இறங்கிய பாதை முழுக்க, காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்திருப்பதுபோல அந்தச் சாடியை அணைத்தபடியே வந்தார். ரோமம் படிந்த தடித்த இலைகள். நடுவில் கொத்தாக ஊதாப் பூக்கள். ஒவ்வொரு பூவின் நெஞ்சிலும் மஞ்சள் பொட்டு. ‘வயலட்’ என்று சொல்லித்தான் விற்றார்களாம்.

கல்முனைக்கு வந்து மூன்றாவது கிழமை அது செத்துப்போனது.

ராத்தா கவனித்த கவனிப்பில்தான் செத்தது. காலையில் ஒரு தரம், அஸருக்குப் பிறகு ஒரு தரம், கிணற்றுத் தண்ணீரை இலை நனைய நனைய ஊற்றினார். இந்தச் செடியின் இலையில் தண்ணீர் படக்கூடாது. இலையின் சூட்டைவிடக் குளிர்ந்த நீர் பட்டால், பட்ட இடமெல்லாம் வெளிறி வளையம் வளையமாகத் தழும்பு விழும். குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகல். சாடியை ஒரு தட்டில் வைத்து, தட்டில்தான் தண்ணீர் விட வேண்டும். வேர் உறிஞ்சியது போக மிஞ்சியதை அரை மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும்.

அடுத்தது, தண்ணீரே சரியில்லை. கடலுக்குக் கிட்டிய வளவுகளில் கோடை முற்ற முற்றக் கிணறு சவர்க்கத் தொடங்கும். தென்னையும் முருங்கையும் அதைப் பொறுத்துக்கொள்ளும். மலையிலிருந்து வந்த செடிக்கு அந்த உப்பு இலைக்காம்பைக் கருக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே கச்சான் காற்று. பதினெட்டிலிருந்து இருபத்தாறு பாகைக்குள் சுகம் காணும் செடியைக் கொண்டுவந்து, வயற்பக்கமிருந்து நெருப்பாக வீசும் காற்றில் வைத்தால் அது என்ன செய்யும், பாவம்.

ராத்தாவிடம் நான் அன்று சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. செத்தது வயலட்டே அல்ல.

அது ஆபிரிக்க வயலட். பெயரில் மட்டும்தான் வயலட். 1892இல், இன்று தன்சானியாவாக இருக்கும் அன்றைய ஜேர்மன் கிழக்காபிரிக்காவில், வால்டர் வொன் செயின்ட் போல்-இலேர் என்ற ஜேர்மன் அதிகாரி உசம்பரா மலைப்பக்கம் இதைக் கண்டு ஊருக்கு அனுப்பினார். அடுத்த வருடம் ஹெர்மன் வெண்ட்லான்ட் என்ற தாவரவியலாளர், கண்டவரின் பெயரையும் பூவின் சாயலையும் சேர்த்து ‘செயின்ட்போலியா அயோனாந்தா’ என்று பெயர் வைத்தார். அயோனாந்தா என்றால் வயலட் போல் பூப்பது. ‘போல்’ என்ற சொல் கடைக்காரர் வாயில் உதிர்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான். மரபணுவைப் பார்த்த பின் 2015இல் செயின்ட்போலியா என்ற பேரினத்தையே கலைத்து ஸ்ட்ரெப்டோகார்ப்பஸ் என்ற வேறொரு கூட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். பெயர் போட்டவர்களே அந்தப் பெயரை எடுத்துவிட்ட பிறகும் பூக்கடையில் அது வயலட்தான்.

இனி அசலுக்கு வருவோம். அசல் வயலட்டின் பேரினம் வயோலா. உலகில் அறுநூறுக்கு மேற்பட்ட இனங்கள். நம் மலைநாட்டுப் புல்வெளியோரங்களிலும் சில காட்டு வயோலாக்கள் உண்டு, குனிந்து தேடுபவர் கண்ணுக்கு மட்டும் படும் அளவில். நுவரெலியாவில் வசந்த காலத்துப் பாத்திகளில் பூனை முகம் காட்டிச் சிரிக்கிறதே பேன்சி, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஐந்து இதழ். மேலே இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, கீழே ஒன்று. கீழிதழ் பின்னால் நீண்டு ஒரு சிறு குழலாக முடியும். தேன் இருப்பது அதற்குள். ஐந்து மகரந்தக் கேசரங்களில் கீழுள்ள இரண்டும் அந்தக் குழலுக்குள் வால் நீட்டி, அங்கே தேனைச் சுரக்கும். இதழில் ஓடும் கருங்கோடுகள் தேனீக்கு வழிகாட்டி.

அந்தப் பூவைக் காணாதவர்களும் பெயரைக் கேட்டிருக்கக்கூடும். யூனானி மருந்துக்கடையில் ‘பனஃப்ஷா’ என்று கேளுங்கள். சளிக்கும் தொண்டைக்கும் காய்ச்சும் ஜோஷாந்தாவில் போடும் காய்ந்த பூ, இலைப் பொட்டலம் வரும். மணமுள்ள வயலட்டின் பாரசீகப் பெயர் அது. அரபியில் பனஃப்ஸஜ். இப்னு ஸீனா தன் கானூனில் இதைக் குளிர்ச்சியும் ஈரமும் உடையது என்று வகுத்து வைத்தார். பூவை நல்லெண்ணெயிலோ வாதுமை எண்ணெயிலோ ஊறவைத்து எடுக்கும் ரோகன் பனஃப்ஷா, தலைச்சூட்டுக்குத் தேய்ப்பது. கடைச்சரக்கின் பெரும்பகுதி காஷ்மீர், இமாசலப் பக்கத்து மலைகளில் பறித்தது. விலை ஏற ஏற வேறு வயோலா இனங்களையும் கலந்து கட்டுகிறார்கள். காய்ந்து சுருண்ட பிறகு எது எது என்று யாருக்குத் தெரியும்?

அதன் வாசத்திலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. முதல் முகர்வில் இனிக்கும், இரண்டாவது முகர்வில் ஒன்றுமே இல்லை, சற்று விட்டு முகர்ந்தால் மறுபடி வரும். பூ வாசத்தை நிறுத்துவதில்லை. அதிலுள்ள அயனோன் என்ற பொருள் நம் மூக்கைக் கொஞ்ச நேரம் மழுங்கடித்துவிடுகிறது. செயின்ட்போலியாவுக்குப் பெயர் வைத்த அதே 1893இல் ஜேர்மனியில் டீமன், க்ரூகர் என்ற இரு வேதியியலாளர்கள் அயனோனை ஆய்வுகூடத்திலேயே செய்துகாட்டினார்கள். அத்தர் கடையில் ‘வயலட்’ என்று பஞ்சில் தொட்டுத் தருவதில் பூ இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

அயனோன், அயோனாந்தா இரண்டுக்கும் வேர் ஒன்றே. வயலட்டுக்குக் கிரேக்கத்தில் ‘அயோன்’. உங்கள் குசினி உப்புப் பக்கற்றிலும் அது இருக்கிறது. 1811இல் பிரான்சில் பெர்னார்ட் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலோடு மாரடித்துக்கொண்டிருந்தபோது ஊதா நிறத்தில் புகை எழும்பியது. அந்த நிறத்தை வைத்துத்தான் அயடீன் என்ற பெயர் வந்தது.

சரி, மணமுள்ள வயலட்டைக் கொண்டுவந்து கல்முனையில் நட்டால்? நட வேண்டாம் என்பேன். குளிர் பிரதேசத்துச் செடி. அதன் ஊரிலேயே, வெக்கை தொடங்கியதும் அது வாசப் பூவை நிறுத்திவிடும். பிறகு இலைகளுக்கு அடியில் பச்சை மொட்டுகள் மட்டும் வரும். அவை விரிவதே இல்லை. இதழ் இல்லை, தேன் இல்லை, வண்டுக்கு வழியும் இல்லை. மூடிய மொட்டுக்குள்ளேயே மகரந்தம் சூலைச் சேர்ந்து, யாரும் காணாமல் காய் முற்றிவிடும். பெரும்பாலான விதை இந்த மூடிய பூக்களில்தான் விளைகிறது. விதையில் ஒரு கொழுப்புத் துணுக்கும் ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், கொழுப்பைத் தின்றுவிட்டு விதையை எறிந்துவிடும். செடிக்கு அதுதான் வேண்டியிருந்தது. நமக்கு வேண்டியதோ பூ. குளிரே காணாத நம் கரையில், செடி ஒருவேளை பிழைத்தாலும் பூவுக்கு என்ன உத்தரவாதம்?

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, நமக்கு வயலட் கிடையாது என்று முடிக்கத்தான் இருந்தேன். அப்போதுதான் உம்மம்மாவின் குரல் நினைவுக்கு வந்தது.

சின்ன வயதில் வளவு துப்புரவாக்கும் வேலை எனக்கு. மாரி முடிந்து மணல் காயும் தை மாதம், தென்னை மரங்களுக்கு இடையில் முளைத்ததையெல்லாம் பிடுங்குவேன். சாண் உயரச் செடி ஒன்றில் கை வைத்ததும் திண்ணையிலிருந்து சத்தம் வரும்: “அத புடுங்காத மனே, ஓரிதழ்த்தாமரை. பரிசாரியார் தேடி வருவாரு.”

ஓரிதழ்த்தாமரை தாமரையும் இல்லை, ஓரிதழும் இல்லை. ஒல்லித் தண்டு, ஒடுங்கிய இலை, இலைக்கக்கத்தில் தனித்தனியாகப் பூ. இளஞ்சிவப்பில் ஊதா கலந்த ஒற்றை இதழ் ஒன்று தாவணி முந்தானைபோல் கீழே விரிந்திருக்கும். அதைத் தூக்கிப் பாருங்கள். மேலே நான்கு குட்டி இதழ்கள் ஒடுங்கிக் கிடக்கும். ஆக ஐந்து. கீழிதழின் அடியில் சிறு புடைப்பு, தேனுக்கு. கேசரங்கள் ஐந்தும் சூல்தண்டைச் சுற்றிக் கூம்பாக நிற்கும். மேலே வயோலாவுக்குச் சொன்ன அதே கணக்கு, கீழிதழ் மட்டும் மற்றவற்றின் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

இது வயலட் குடும்பம். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. லின்னேயஸ் 1753இல் இதற்கு இட்ட பெயரே ‘வயோலா என்னேஸ்பெர்மா’. 1876இல் மெல்பேர்னிலிருந்த ஃபெர்டினன்ட் வொன் முல்லர் இதை ஹைபந்தஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார். ஹைபந்தஸ் என்றால் கூன்பூ. பழைய மூலிகை நூல்களில் ‘அயோனிடியம்’ என்றும் இருக்கும், அங்கேயும் அதே அயோன். அண்மைக் காலத்தில் இதன் வகைப்பாடு மறுபடி அசைந்திருக்கிறது. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் வயலட் குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை.

மருத்துவம் பற்றி ஒரு வரி. ஆண்மைக்கு, நீர்க்கடுப்புக்கு என்று தமிழ்நாட்டுக் கடைகளில் தூள் கட்டி விற்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் செடிகளில் சைக்ளோடைட் என்ற வளையப் புரதங்கள் உண்டு. தென்னமெரிக்காவில் இதன் உறவுக்காரச் செடியொன்றின் வேரை வாந்தி எடுக்கவைக்கும் மருந்தாகவே பயன்படுத்தினார்கள். வளவில் கண்டதும் பிடுங்கி அவித்துக் குடிக்கும் வேலை வேண்டாம்.

சாடியில் வளர்க்க நான் மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை பூத்த செடியைப் பிடுங்கி நட்டேன். ஆணிவேர் அறுந்து மறுநாளே சாய்ந்தது. இரண்டாவது தடவை, புதிதாக எடுத்த விதையைக் கொம்போஸ்ட் நிரப்பிய சாடியில் போட்டேன். ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. விதைக்கு ஒரு உறக்கம் இருக்கிறது, அது கலைய வேண்டும். மூன்றாவதற்கு 2004 சுனாமிக்குப் பிறகு வீடு எழும்பாமலே கிடக்கும் ஒரு கடற்கரை வளவுக்குப் போனேன். நான்கு இலை விட்ட நாற்றாகப் பார்த்து, சுற்றியிருந்த மணலோடு தேங்காய்ச் சிரட்டையால் ஆழமாகத் தோண்டி எடுத்தேன். அதே மணல், முழு வெயில், இரண்டு நாளைக்கொருமுறை கொஞ்சம் தண்ணீர், உரம் இல்லை. ஐந்தாம் கிழமை பூத்தது. காலையில்தான் அழகு, வெயில் ஏறினால் முகம் வாடிவிடும்.

காய் மிளகளவு. முற்றியதும் தலை நிமிர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் பறித்து ஒரு வெள்ளைத் தாளில் வைத்துக் காத்திருந்தேன். காய்ந்து மூன்று தோணிகளாகப் பிளந்தது. ஒவ்வொரு தோணிக்குள்ளும் வெளிர்மஞ்சள் விதைகள், நீளவாக்கில் வரிவரியாக. என்னேஸ்பெர்மா என்றால் ஒன்பது விதை. லின்னேயஸின் கணக்கைச் சரிபார்த்துவிடலாம் என்று ஊசிமுனையால் தள்ளித் தள்ளி எண்ணினேன். முதல் காயில் எட்டு, அடுத்ததில் ஒன்பது. மூன்றாவதை எண்ணிக்கொண்டிருக்கும்போது ராத்தா வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்னடா இது?”

“வயலட்.”

சாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதழைச் சுண்டுவிரலால் தூக்கியும் பார்த்தார்.

“எவ்வளவு குடுத்து வாங்கின?”

“சும்மாதான். கடற்கரைல கிடந்திச்சி.”

“சும்மா கிடந்ததெண்டா அது வயலட்டா இரிக்காது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்போது முந்தானை தாளில் பட்டு, எண்ணாத விதைகள் எல்லாம் சீமெந்துத் தரையில் சிதறின. லுஹருக்குப் போய்விட்டு வந்து பார்த்தேன், ஒன்றுகூட மிச்சமில்லை. சுவரோரமாக எறும்பு வரிசை ஒன்று மட்டும் வாசற்படியைத் தாண்டி வளவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

(தொடரும்)