வெட்ட வெட்டத் தழைத்த வனம்
இலண்டன் ஹைகேற் காடுகளில் ஒரு சுற்று நடை

பெருநகரங்கள் வளருங்கால் அவற்றை அடுத்துள்ள காடுகள் அழிதல் உலகெங்கும் கண்ட உண்மை. மரம் நின்ற இடத்தில் மனை எழும். ஒற்றையடிப் பாதை நெடுந்தெருவாகும். சில தலைமுறை சென்றபின், அங்கே காடு நின்றமைக்கு ஊர்ப்பெயர் ஒன்றே சான்றாக எஞ்சும். இப்பொது விதிக்கு விலக்காக, இலண்டன் மாநகரின் வடபால் ஹைகேற் என்னும் மேட்டுப் பகுதியில், வீடுகளுக்கும் கடைத்தெருவுக்கும் இடையே இரண்டு பழங்காடுகள் இன்றும் நிற்கின்றன. நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் குடியேறி வாழும் மாநகர் அது. மக்களையும் பேரரையும் காண இங்கிருந்து செல்வோரும் உளர். அவர்கள் அரைநாட் பொழுதில் ஆறுதலாகச் சுற்றி வரத்தக்க நடை ஒன்றை இங்கு விளக்கப் புகுகின்றோம். வழி காட்டுவதோடு எம் பணி முடிவதில்லை. அக்காடுகள் எவ்வாறு பிழைத்தன என்பதை அறிதல் நம்மூருக்கும் பயன்தரும் என்பது எம் துணிபு.

ஹைகேற் பாதாளப் புகையிரத நிலையமே நடைக்குத் தக்க தொடக்கம். பிரயரி கார்டன்ஸ் என்னும் தெருப்பக்கமாக வெளியேறி, அத்தெரு வழியே சிறிது தூரம் சென்று, ஓர் ஒடுங்கிய ஒழுங்கையால் நுழைந்தால் முதலாவது காட்டை அடைகின்றோம். ‘குவீன்ஸ் வூட்’, அதாவது அரசியார் வனம், என்பது அதன் பெயர். பரப்பு ஏறத்தாழ 52 ஏக்கர். நிலம் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குகின்றது. வானளாவும் ஓக் மரங்களும் அவற்றின் நிழலில் ஹோண்பீம் மரங்களும் செறிந்துள்ளன. கொம்பு போல் வலிய மரம் என்பதே ஹோண்பீம் என்னும் பெயரின் பொருள். இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டு தொட்டு இடையறாது காடாகவே இருந்து வந்த நிலத்தைப் ‘பழங்காடு’ எனத் தனியே வகுத்துப் போற்றுவர். இவ்விரு காடுகளும் அவ்வகையின. பழங்காடுகளிலன்றி வேறிடங்களில் அரிதாகவே தானாக முளைக்கும் காட்டுச் சேர்விஸ் மரம் இங்கு வளர்வது அதற்கு ஓர் அடையாளம்.

காட்டினுட் செல்வோர் தலையை நிமிர்த்தி மர உச்சியை நோக்குவது இயல்பு. நாம் சொல்ல விரும்புவது, ஹோண்பீம் மரங்களின் அடியை நோக்குக என்பதே. பல மரங்களில் ஓர் அடியிலிருந்தே நான்கைந்து தண்டுகள் கிளைத்து மேலெழுந்திருக்கும். இயற்கை தானே அமைத்த வடிவமன்று அது, கோடரி அமைத்தது. ஹோண்பீமை நிலத்தோடு ஒட்ட வெட்டினால் அது மடிவதில்லை. அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர்கள் பல தோன்றிச் சில ஆண்டுகளிற் கழிகளாக உயரும். அவற்றை மீண்டும் வெட்டலாம். இவ்வாறு காட்டைப் பல துண்டங்களாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு துண்டமாக முறைவைத்து வெட்டி, விறகும் கரியும் பெற்றனர். ஓக் மரங்களை மட்டும் வீட்டுக்கும் கப்பலுக்கும் வேண்டிய பெருமரங்களாக முதிர விட்டனர். வெட்டிய துண்டத்தில் வெயில் படும். நெடுநாள் உறங்கிய வித்துக்கள் முளைக்கும். இளவேனிலில் வெள்ளை அனிமனிப் பூக்கள் தரையெங்கும் விரியும். தளிர் உயர்ந்து நிழல் பரவுமுன் அடுத்த துண்டம் வெயிலைப் பெற்றுவிடும்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தோர்க்கு இது விளங்காத செய்தியன்று. நம் வேலிகளில் நின்ற பூவரசும் கிளுவையும் இம்முறையாலேயே வாழ்ந்தன. கொப்பை வெட்டிக் குழையைத் தோட்ட மண்ணிற் புதைத்தோம்; கதியாலை நட்டு வேலியைப் புதுக்கினோம்; வெட்டுந்தோறும் அவை தழைத்தன. பயன் இருந்தமையாற் பேணினோம். பேணியமையால் மரம் நிலைத்தது. ஹைகேற் காட்டின் வரலாறும் இதுவே.

அரசியார் வனத்துக்கு முன்னர் வழங்கிய பெயர் ‘இடுகாட்டுப் பள்ளக் காடு’ என்னும் பொருளினது. 1665ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் இறந்தோரை இங்குப் புதைத்தனர் என்பது செவிவழிக் கதை. அதனை நிறுவுஞ் சான்றில்லை. அக்காட்டைக் கடந்து மஸ்வெல் ஹில் வீதிக்கு வந்து, எதிர்ப்புறம் நுழைந்தால் ஏறத்தாழ 70 ஏக்கர் பரப்புடைய ஹைகேற் வனத்தை அடைகின்றோம். நடுவே விளையாட்டு மைதானமும், அதனைச் சூழ மரங்களும், செப்பனிட்ட பாதைகளும் உடையது அது. 1888இல் நிறுவப்பெற்ற குடிநீர் ஊற்றுத்தூண் ஒன்று உள்ளே நிற்கின்றது. தம் இறுதிக் காலத்தை ஹைகேற்றிற் கழித்து 1834இல் மறைந்த கவிஞர் கோல்றிஜின் அடிகள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன.

இம்மண்ணில் மனிதன் செய்த தொழில் மிகப் பழையது. உரோமர் பிரித்தானியாவைக் கைப்பற்றிய முதல் நூற்றாண்டிலேயே குயவர் இங்கு வந்து சூளை அமைத்தனர். 1966 முதல் 1974 வரை நடந்த அகழ்வாய்வில் அவர்களுடைய சூளைகளும், சேற்றுக் குழிகளும், உடைந்த கலங்களின் குவியல்களும் வெளிப்பட்டன. ஏறத்தாழ கி.பி. 50 முதல் 160 வரை அவர்கள் இங்குத் தொழில் புரிந்தனர் என்பது ஆய்வாளர் முடிபு. கசகசாக் காயின் வடிவத்தையொத்த சாம்பல்நிறக் குவளைகள் அவர்கள் வனைந்தவற்றுட் குறிப்பிடத்தக்கன. குயவனுக்கு வேண்டுவன மூன்று: களி, நீர், விறகு. இலண்டன் மண்ணின் கனத்த களியும், மேட்டிலிருந்து ஒழுகும் ஓடைகளும், காட்டு விறகும் ஒருங்கே கிடைத்தமையால் அவர்கள் இவ்விடத்தைத் தேர்ந்தனர். சில மைல் தெற்கே அப்போது எழுந்துகொண்டிருந்த இலண்டினியம் நகர் அவர்களுக்குச் சந்தையாயிற்று. ஆகவே பெருநகருக்கும் இக்காட்டுக்கும் உள்ள உறவு பத்தொன்பது நூற்றாண்டுப் பழமை உடையது.

இடைக்காலத்தில் இந்நிலம் இலண்டன் ஆயருக்கு உரிய வேட்டைவனத்தின் பகுதியாயிற்று. மேட்டின் உச்சியில் ஆயர் வைத்திருந்த சுங்க வாயிலே ‘உயர் வாயில்’ என்னும் பொருளுடைய ஹைகேற் என்ற ஊர்ப்பெயருக்குக் காரணம் என்பர். வேட்டை ஓய்ந்த பின்னர் காடு குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைகாரர் முன்சொன்ன முறைப்படி வெட்டி விற்றனர். நகர் எரித்த விறகே காட்டுக்கு விலை தந்தது. அவ்விலையே காட்டைக் காத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நிலை மாறிற்று. அடுப்பிலே விறகிருந்த இடத்தை நிலக்கரி பற்றிக்கொண்டது. 1867இல் பின்ஸ்பரி பார்க்கிலிருந்து ஹைகேற் வழியாகப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. பாதை வந்ததும் குடியிருப்புப் பெருகிற்று. நிலத்தின் விலை ஏறிற்று. மரத்தின் விலையோ இறங்கிற்று. ஆயரின் நிலங்களைப் பொறுப்பேற்றிருந்த திருச்சபைச் சொத்து ஆணையாளர் காட்டை மனைகளாக்க எண்ணியதில் வியப்பில்லை. பயன் போன பொருளுக்கு யார் பரிந்து பேசுவர்?

ஊரவர் பேசினர். அவர்களுள் முன்னின்றவர் ஹென்றி றீடர் வில்லியம்ஸ் என்னும் உள்ளூர்ப் பொதுப்பணியாளர். இலண்டன் நகரக் கழகம், தன் எல்லைக்கு வெளியே உள்ளதாயினும், இக்காட்டை ஏற்றுப் பேணுதல் வேண்டும் என்று அவரும் பிறரும் வற்புறுத்தினர். 1886இல் அதற்கென ஒரு சட்டம் நிறைவேறியது. அதுகாறும் ‘கிரவற் குழிக் காடு’ எனப் பொருள்படும் பெயருடன் இருந்த நிலம், ஹைகேற் வனம் என்னும் பெயருடன், என்றென்றும் மக்களுக்குரிய திறந்த வெளியாக நகரக் கழகத்திடம் ஒப்புவிக்கப்பட்டது. வீதிக்கு அப்பாலுள்ள காட்டுக்கும் அடுத்த பத்தாண்டில் அதே ஆபத்து வந்தது. 1897இல் மற்றொரு சட்டம் பிறந்தது. ஹோண்சிப் பட்டின சபை அதனை விலைகொடுத்து வாங்கி, விக்ரோறியா அரசியாரின் பெயரால் 1898இல் மக்களுக்குத் திறந்து வைத்தது.

அண்மையிலுள்ள கிறவுச் எண்ட் என்னும் சந்தியில், 1895இல் வில்லியம்ஸ் அவர்களின் தொண்டைப் பாராட்டி எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம் இன்றும் நிற்கின்றது. யாழ்ப்பாண நகரிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரம் 1875இல் ஓர் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்தது. அங்குள்ளதோ ஊரின் மரங்களுக்காக வாதாடிய ஊரவர் ஒருவருக்கு உரியது. இரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் தகும்.

காட்டைக் காத்தவர்கள் எதிர்பாராத இடர் ஒன்று பின்னர் தோன்றிற்று. பூங்காவாகக் கருதப்பட்ட காட்டில் மரம் வெட்டுதல் தீதென மக்கள் எண்ணினர், முறைவெட்டு நின்றது. மரங்கள் ஒருங்கே முதிர்ந்து வானை அடைத்தன. தரை இருண்டது, இளமரம் முளைக்கவில்லை, பூக்கள் அருகின, ஆயிரமாயிரம் கால்கள் மிதித்து மண் இறுகிற்று. வெட்டப்படாமையாலேயே காடு முதுமையுறத் தொடங்கிற்று. இதனை உணர்ந்தபின், ஹைகேற் வனத்திற் சில துண்டங்களை வேலியிட்டு அடைத்து, வெயில் புகச் செய்து, இளமரங்கள் எழ வகை செய்தனர். அரசியார் வனத்திலும் இந்நூற்றாண்டில் ஹோண்பீம் வெட்டு மீண்டும் தொடங்கியுள்ளது. ஆகவே, நடைசெல்வோர் புதிதாக வெட்டிய அடிக்கட்டைகளைக் கண்டு சினங்கொள்ள வேண்டா. அவை காடு மூச்சு விடுவதற்கான வாயில்கள்.

வனத்தின் தென்புறத்தால் வெளியேறி, ஆச்வே வீதி வழியே நிலையத்தைக் கடந்து கீழிறங்கினால், ஹோம்ஸ்டேல் வீதியருகே மற்றொரு வகைக் காட்டின் வாயிலை அடையலாம். முன் கூறிய 1867ஆம் ஆண்டுப் புகையிரதப் பாதையே அது. 1873இல் அதிலிருந்து அலெக்சாந்திரா மாளிகைக்கு ஒரு கிளை பிரிந்தது. பாதாளப் புகையிரதத்தோடு இதனை இணைக்கும் திட்டத்தை இரண்டாம் உலகப் போர் குலைத்தது. 1954இல் பயணிகள் சேவை ஒழிந்தது. 1970ஐ அடுத்துத் தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. மனிதன் விட்டுச் சென்ற வழியைப் பேர்ச் முதலிய மரங்கள் தாமே வந்து பற்றிக்கொண்டன. கைவிடப்பட்ட சுரங்கங்களில் வௌவால்கள் மாரிக்காலத்தைக் கழிக்கின்றன. 1980களின் பிற்பகுதியில் இவ்வழியே மோட்டார் வீதி அமைக்கும் யோசனை எழுந்தபோது, நூறாண்டுக்கு முன் நிகழ்ந்தவாறே ஊரவர் திரண்டு மறுத்தனர். யோசனை கைவிடப்பட்டது, 1990இல் அப்பாதை உள்ளூர் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. முன்னாளில் காட்டுக்குப் பகையாய் வந்த புகையிரதப் பாதை, ஈற்றில் தானே காடாகி, முன்னைய காட்டைக் காத்த அதே முறையாற் காக்கப்பட்டமை வரலாற்றின் விந்தை.

அதே ஆச்வே வீதியில் இன்னும் சற்றே கீழிறங்கினால் ஹைகேற் மேட்டு முருகன் கோயில் நம்மை எதிர்கொள்ளும். ஹைகேற் வனம் மக்களுக்கு உரியதாகிச் சரியாக நூறாண்டு சென்று, 1986இல் திறக்கப்பெற்ற கோயில் இது. இலங்கைத் தமிழர் பெருந்தொகையாகக் கூடி வழிபடும் தலம். 2002இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் தாம் அரியணை ஏறிய ஐம்பதாம் ஆண்டு விழாக் காலத்தில் இங்கு வருகை புரிந்தார். குன்றும் காடும் சேர்ந்த இடம் குமரனுக்கு உரிய குறிஞ்சி என்பது நம் முன்னோர் கண்ட இலக்கணம். மேட்டில் அமர்ந்த முருகனை வணங்கி, வந்த வழியே ஏறி நிலையத்தை அடைந்தால் நடை நிறைவுறும்.

இந்நடையால் அறியத்தக்கது ஒன்றுண்டு. பயன் உள்ளவரை ஒரு பொருளைப் பயனே காக்கும். பயன் மாறும் காலத்தில் அதனைக் காப்பது ஊரவரின் நாவும் முயற்சியுமே. நம்மூரிலும் அக்காலம் வந்துவிட்டது. இரசாயனப் பசளை வந்தபின் குழையின் தேவை குறைந்தது. வேலி இருந்த இடத்தில் மதில் எழுகின்றது. அடுப்புக்கு விறகு வேண்டியதில்லை. பூவரசுக்கும் கிளுவைக்கும், கோயில் வீதி மருதுக்கும், குளக்கட்டில் நிற்கும் மரங்களுக்கும் இனி விலை பேசுவார் இலர். அவற்றுக்காகப் பரிந்து பேசுவார் வேண்டும். வெட்ட வேண்டிய கொப்பை வெட்டியும், வெட்டலாகாத அடியை விட்டும் பேணுவாரும் வேண்டும். ஊர்தோறும் சனசமூக நிலையங்களும் ஆலய பரிபாலன சபைகளும் நம் பழைய மாணவர் சங்கங்களும் இருக்கின்றன. தத்தம் ஊரில் எஞ்சியுள்ள மரங்களை எண்ணிக் கணக்கெடுப்பதே முதற்பணியாகும். அதனை இந்த விழா ஆண்டிலேயே தொடங்குமாறு அன்பர் யாவரையும் வேண்டுகின்றோம்.