கஸ்டடி உத்தரவில் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பத்தி வேண்டும்

ஏற்காட்டு உறைவிடப் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு முடிந்து ஹாஸ்டல் அடைக்கும் நாளில், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பெற்றோரின் வண்டிகள் மலையேறி வருகின்றன. பிள்ளைகள் பெட்டியைக் கட்டி வைத்துக் காத்திருக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கொண்டாட்ட நாள். அப்பாவும் அம்மாவும் பிரிந்து வழக்காடும் பிள்ளைக்கு அது பயம் கலந்த நாள். அந்த ஒரு பிள்ளையைக் கூட்டிப்போக இரண்டு வண்டிகள் வரலாம், ஒன்றுகூட வராமலும் போகலாம். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனும் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கும் வார்டனும் சட்டம் படித்தவர்கள் அல்லர். நீதிமன்றம் ஆண்டுக்கணக்கில் விசாரித்தும் எழுதாமல் விட்ட ஒன்றை அவர்கள் பத்து நிமிடத்தில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சுமையை அவர்கள் தலையில் வைத்தது தவறு. பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார், எந்த நாளில் கூட்டிச் செல்லலாம் என்பதைக் கஸ்டடி உத்தரவே சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு பத்தி இல்லாததால் வரும் துன்பத்தை முழுக்கச் சுமப்பது பிள்ளைதான்.

உத்தரவே இல்லாத நிலையை முதலில் பார்ப்போம். கணவனும் மனைவியும் தனித்தனியே வாழத் தொடங்கிவிட்டார்கள், வழக்கு இன்னும் போடவில்லை, அல்லது போட்டும் இடைக்கால உத்தரவு வரவில்லை என்றால், சட்டத்தின் கண்ணில் இருவரும் இன்னும் பெற்றோர்தான். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டம் தந்தையை முதல் இயற்கைக் காப்பாளராகவும், அவருக்குப் பின் தாயையும் வைத்தது. ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மகனின் பெயரில் சேமிப்புப் பத்திரம் வாங்கத் தாயின் கையெழுத்து போதாது என்று விண்ணப்பம் திருப்பப்பட்டதை எதிர்த்து எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், 1999-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் தந்தது. தந்தை உயிரோடு இருந்தாலும், பிள்ளையின் பொறுப்பை அவர் ஏற்காத நிலையில் தாயே காப்பாளராக நிற்க முடியும் என்றது. தாய்மாருக்கு அது பெரிய வெற்றி. ஆனால் பள்ளி வாசலில் அது பாதி பதில்தான். பொறுப்பை ஏற்காத தந்தை யார் என்பதை வார்டன் விசாரித்து அறிய முடியாது. “அவரோடு அனுப்பாதீர்கள்” என்று அம்மா போனில் சொன்னதை மட்டும் நம்பி, அடையாள அட்டையோடு வந்து நிற்கும் அப்பாவைத் திருப்பி அனுப்பவும் பள்ளிக்குச் சட்டத் துணை இல்லை. காவல் நிலையத்துக்குப் போனாலும், பெற்ற தகப்பன் கூட்டிப்போனதைக் கடத்தல் என்று எழுதத் தயங்குவார்கள். “இது குடும்பத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள்” என்பதே வழக்கமான பதில். கோர்ட்டுக்குப் போய் ஆட்கொணர்வு மனு போடுவதற்குள் பிள்ளையின் பள்ளி, ஊர், நண்பர்கள் எல்லாம் மாறிப்போயிருக்கும்.

உத்தரவு வந்த பிறகாவது வாசல் தெளிந்துவிடும் என்று நினைப்போம். பெரும்பாலும் தெளிவதில்லை. வழக்கமான உத்தரவில் கஸ்டடி ஒருவருக்கு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சந்திப்பு மற்றவருக்கு என்று இருக்கும். சந்திக்கும் இடம் நீதிமன்ற வளாகத்துக் குழந்தைகள் அறையாகவோ ஒரு பொது இடமாகவோ குறிக்கப்பட்டிருக்கும். ஒரே நகரத்தில் வசிக்கும் பெற்றோரையும், வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வரும் பிள்ளையையும் மனத்தில் வைத்து எழுதப்படும் உத்தரவு இது. பிள்ளை ஏற்காட்டு ஹாஸ்டலில், அம்மா சென்னையில், அப்பா பெங்களூருவில் என்று இருக்கும் குடும்பத்துக்கு இது பொருந்தாது. ஹாஸ்டலில் பெற்றோர் பார்க்கும் நாளையும் வெளியே அழைத்துப்போகும் நாளையும் பள்ளியே குறிக்கிறது. பள்ளியின் நாளும் உத்தரவின் நாளும் ஒத்துப்போகாத மாதத்தில் எது செல்லும்? சந்திக்கலாம் என்று எழுதியிருந்தால், கேட்டைத் தாண்டி ஏரிக்கரை வரை கூட்டிப்போகலாமா? இரவு தங்க வைக்கலாமா? காய்ச்சல் என்று பள்ளி அழைக்கும்போது கஸ்டடி இல்லாதவர் முதலில் வந்து சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல அவரை விடலாமா? உத்தரவில் பதில் இல்லாதபோது அதைப் படிக்கும் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியபடி நிரப்பிக்கொள்கிறார்கள். பீஸ் கட்டியவர் ரசீதையும், மற்றவர் உத்தரவின் நகலையும் நீட்டுகிறார்கள். நடுவில் பிள்ளை நிற்கிறது.

இதை எழுதும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லையோ என்ற ஐயம் வேண்டாம். இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு ஆகிய மூன்றும் பிள்ளையின் கஸ்டடி, பராமரிப்பு, கல்வி என்று ஒரே மூச்சில் சொல்கின்றன. வழக்கு நடக்கும்போதே இடைக்கால உத்தரவு போடவும் இடம் தருகின்றன. கஸ்டடிக்காகப் பக்கம் பக்கமாக வாதம் நடக்கிறது, பராமரிப்புத் தொகைக்கு ரூபாய்க் கணக்கு பார்க்கப்படுகிறது, கல்வி என்ற மூன்றாவது சொல் பீஸ் யார் கட்டுவது என்பதோடு முடிந்துவிடுகிறது. சட்டக் கமிஷன் 2015 மே மாதம் தந்த 257-ஆம் அறிக்கை, கூட்டுக் கஸ்டடிக்கும் சந்திப்பு ஏற்பாடுகளுக்கும் தெளிவான வழிகாட்டுதல் வேண்டும் என்றது. அந்த வழிகாட்டுதல் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கேட்டில் கூட்டிச் செல்லத் தகுதியானவர்களின் பெயர், நாளும் நேரமும், அரையாண்டு விடுமுறையும் கோடை விடுமுறையும் யாருக்கு எந்தப் பாதி, மதிப்பெண் அட்டை யாருக்கெல்லாம் போக வேண்டும், அவசரத்தில் யாரை முதலில் அழைப்பது, மாற்றுச் சான்றிதழ் கேட்டால் யார் கையெழுத்து வேண்டும் என்ற ஆறு விஷயங்களை ஒரு பத்தியில் அடக்கிவிடலாம்.

இதைவிட ஆழமான கவலை ஒன்று உண்டு. கஸ்டடிச் சண்டை முற்றும்போது, பிள்ளையை மலை ஹாஸ்டலில் சேர்த்துவிடுவது பலருக்கு வசதியான தீர்வாகத் தோன்றுகிறது. உறவினர் சொல்கிறார்கள், வக்கீல் சொல்கிறார், பிள்ளைக்கும் சண்டை கண்ணில் படாது என்ற சமாதானமும் கிடைக்கிறது. நல்ல உறைவிடப் பள்ளி பிள்ளையை வளர்த்தெடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. நூறாண்டு கடந்த பள்ளிகள் இந்த மலையில் தலைமுறைகளை ஆளாக்கியிருக்கின்றன. ஆனால் படிப்பதற்காகச் சேர்வது வேறு, பெற்றோரில் ஒருவர் மற்றவரிடமிருந்து பிள்ளையை ஒளித்து வைக்கும் இடமாகப் பள்ளி மாறுவது வேறு. இரண்டாவது வகையில் சேர்ந்த பிள்ளையை மற்றவர் பார்க்க வரும் ஒவ்வொரு வருகையும் முறைகேடாகப் பார்க்கப்படும். சேர்க்கைப் படிவத்தில் அவர் பெயரே இல்லாமல் இருக்கும். அவர் ஒருநாள் கோபத்தில் கேட்டுக்கே வந்து நின்றால், பள்ளி அவரை அந்நியராகவே நடத்தும்.

எந்த ஊர் நீதிமன்றம் விசாரிப்பது என்பதிலும் ஹாஸ்டல் புதிய குழப்பத்தைக் கொண்டுவருகிறது. 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, பிள்ளை சாதாரணமாக வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். ஹாஸ்டல் வசிக்கும் இடமா, தங்கிப் படிக்கும் இடமா? இந்தக் கேள்வி தமிழ்நாட்டிலிருந்தே லண்டன் வரை போன வரலாறு உண்டு. பின்னாளில் தத்துவச் சிந்தனையாளராக அறியப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் அவர்களுடைய தந்தை நாராயணையா 1910-இல் பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்டின் பொறுப்பில் ஒப்படைத்தார். பிறகு மனம் மாறி 1912-இல் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 1913-இல் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. 1914-இல் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் அதைப் புரட்டிப்போட்டது. படிப்புக்காக இங்கிலாந்து போய்விட்ட பிள்ளைகள் செங்கல்பட்டில் சாதாரணமாக வசிப்பவர்கள் அல்லர், ஆகவே அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றது. பிள்ளைகளின் நலனும் விருப்பமும் கேட்கப்படாததையும் குறையாகச் சொன்னது. பிள்ளையின் வசிப்பிடம் எது என்பதை அந்தந்த வழக்கின் நிலவரத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆக, சேலமா, சென்னையா, பெங்களூருவா என்ற வாதத்திலேயே ஒரு கல்வியாண்டு கரைந்துபோக இடமிருக்கிறது. ஹாஸ்டல் சேர்க்கையை வழக்கின் காய் நகர்த்தலாக யாரும் பயன்படுத்தாமல் தடுக்க, பிள்ளையை உறைவிடப் பள்ளியில் சேர்க்கும் முன் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று இடைக்கால உத்தரவிலேயே எழுதுவது நல்லது.

மலையின் சொந்தப் பிள்ளைகளை இந்தப் பேச்சில் மறந்துவிடக் கூடாது. கரடியூர் போன்ற சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் 1956-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் தாமாகப் பொருந்துவதில்லை. பட்டியல் பழங்குடியினரை இரண்டு சட்டங்களும் விலக்கி வைத்திருக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசிப் பிரிந்த தம்பதியின் பிள்ளை யாரிடம் என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் மலையிலுள்ள அரசு உண்டு உறைவிடப் பள்ளியின் தலைமையாசிரியருக்குக் காட்ட ஒரு தாள் இருக்காது. ஆசிரியர் மாறினால் ஊரின் நினைவும் பள்ளியில் அற்றுப்போகும். பாட்டி வளர்க்கும் பிள்ளையைக் கூட்டிப்போக, வேலைக்காகக் கீழே போன அப்பா திடீரென வந்தால் பாட்டிக்குச் சொல்ல ஒரு சட்ட வார்த்தை இல்லை. 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம் கஸ்டடியையும் பிள்ளையைச் சந்திப்பதையும் பற்றிய வழக்குகளை எந்தச் சமூகத்தவரும் கொண்டுவர இடம் தருகிறது. பஞ்சாயத்தில் பேசியதைச் சட்ட உதவி மையத்தின் மூலம் எழுதி வாங்கி உத்தரவாக்கிக்கொள்வது இவர்களுக்குத்தான் மிக அவசரம்.

கஸ்டடி கிடைக்காத தந்தையர் தரப்பில் ஒரு முறையீடு உண்டு. பள்ளிப் பத்தி என்ற பெயரில் தங்களை வாசலோடு நிறுத்திவிடுவார்கள் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். உண்மையில் அந்தப் பத்தியால் அதிகம் பயன்பெறப் போவது அவர்கள்தான். இன்று எழுதாத இடத்தில் அவர்கள் வாய்மொழியாகத் தடுக்கப்படுகிறார்கள். எழுதிய இடத்தில் அவர்களுடைய நாளும் மதிப்பெண் அட்டையும் உரிமையாகிவிடும். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், கஸ்டடி ஒருவருக்குத் தரப்பட்டாலும் மற்றவரின் அன்பைப் பிள்ளை இழக்கக் கூடாது என்றது. நேரில் சந்திப்பதோடு தொலைபேசி, வீடியோ வழியான தொடர்பையும் உறுதிசெய்ய வேண்டும் என்றது. வெளிநாட்டிலும் பள்ளிகள் இந்த வழியிலேயே நடக்கின்றன. இங்கிலாந்தின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, நீதிமன்றம் தடை எழுதாதவரை பெற்றோர் பொறுப்புள்ள இருவரையும் பள்ளி ஒன்றாகவே மதிக்க வேண்டும். அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டுச் சட்டம், தடை உத்தரவு இல்லாதவரை கஸ்டடி இல்லாத பெற்றோருக்கும் பள்ளி ஆவணங்களைப் பார்க்கும் உரிமை தருகிறது. இரு நாடுகளிலும் பள்ளி உத்தரவின் வாசகத்தைத்தான் பார்க்கிறது.

நீதிமன்றங்களுக்கு நேரமில்லை, பிள்ளை வளர வளர ஏற்பாடு மாறும், இவ்வளவு நுணுக்கமாக எழுதினால் அடிக்கடி திருத்த வேண்டிவரும் என்றும் சொல்வார்கள். மாறத்தான் வேண்டும். கஸ்டடி உத்தரவு எதுவும் இறுதியானதல்ல, பிள்ளையின் நலனுக்கேற்பத் திருத்தலாம் என்று சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்லர் என்று நினைவூட்டியதும் அதே தீர்ப்புதான். ஒருமுறை ஒரு பத்தி எழுதும் நேரத்தை மிச்சம் பிடிப்பதால், பிறகு நீதிமன்றத்தின் பல நாட்களை அவசர மனுக்கள் தின்கின்றன.

பள்ளிகளும் தம் பங்கைச் செய்யலாம். சேர்க்கையின்போதே தாய், தந்தை இருவர் பெயரையும் எண்ணையும் வாங்க வேண்டும், வழக்கு உண்டா என்று நேராகக் கேட்க வேண்டும், இருந்தால் சான்றிட்ட நகலைக் கோப்பில் வைக்க வேண்டும். வழக்கு நடக்கிறது என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுப்பது கூடாது. தகராறு வந்தால் பிள்ளையின் கண்முன் பேசாமல், அலுவலக அறையில் பேசி, இருவருக்கும் ஒரே பதிலைத் தர வேண்டும். நகலைக் கொடுக்காத பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. வெட்கத்துக்கு அஞ்சி வழக்கை மறைக்கும் அம்மாவும் அப்பாவும் வார்டனைக் கண்ணைக் கட்டி நிறுத்துகிறார்கள். அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன், கஸ்டடி வழக்கு நடத்தும் ஒவ்வொரு வக்கீலும் தம் மனுவில் இந்தப் பள்ளிப் பத்தியைக் கேட்கட்டும். அதற்குப் புதிய சட்டமோ பணமோ தேவையில்லை. இருக்கும் சட்டத்தில் கல்வி என்ற சொல் எழுதப்பட்டே இருக்கிறது. அதற்கு உரிய இடத்தை உத்தரவில் தந்தால் போதும்.